‘ஸௌ ஹங்’: ஒரு கான்டனீஸ் சொல்லை வாயில் பழக்குவதும் இடமறிந்து சொல்வதும்

மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் இருந்த வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஆ-ஸம் இருந்தார். தென்சீனத்து மொழியான கான்டனீஸில் ஆ-ஸம் என்றால் சித்தி மாதிரி, வயதான பெண்களை அக்கம்பக்கத்தார் கூப்பிடும் முறை. அவருடைய மகன் பணம் கேட்டு வந்துவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் வாசலில் உட்கார்ந்து ஒரே வரியைச் சொல்வார்: “ச்சின் ஸய் ம் ஸௌ லோ.” அதில் வரும் ‘ஸௌ’ எனக்குத் தெரிந்த சொல். தெருமுனை மோட்டார் பட்டறையில் அடிக்கடி கேட்டது, பழுது பார்ப்பது என்று பொருள். மகனுடைய மோட்டார் சைக்கிளை யாரோ சரியாகப் பழுது பார்க்கவில்லை போலிருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது, “போன பிறவியில் தவம் செய்யாமல் போனேனே” என்பது. ஆனால் சொல் அதே சொல்தான், பட்டறையில் கேட்டதும் வாசலில் கேட்டதும் ஒன்று. அந்த ‘ஸௌ’வோடு ‘ஹங்’ சேர்ந்தால் கிடைப்பதுதான் ஸௌ ஹங்: மனத்தையும் நடத்தையையும் சீர்படுத்திக்கொள்ளும் ஆன்மிகப் பயிற்சி. ஹாங்காங், மக்காவ், சீனாவின் குவாங்டோங், இந்தப் பக்கம் கோலாலம்பூர், ஈப்போ என்று கான்டனீஸ் பேசும் எல்லா ஊரிலும் இது உண்டு. மாண்டரினில் இதே எழுத்துகள் ‘ஷியூ ஷிங்’ ஆகும், ஜப்பானியத்தில் ‘ஷுக்யோ’. நாம் கான்டனீஸோடு நிற்போம்.

முதல் படி: ‘ஹங்’கைக் குட்டையாக நிறுத்துங்கள்

எல்லோரும் ஸௌவிலிருந்து தொடங்குவார்கள். தமிழர்கள் ஹங்கிலிருந்து தொடங்குவது நல்லது, நாம் சறுக்குவது அங்கேதான்.

ஒரு விஷயம் நமக்குச் சாதகம். கான்டனீஸில் குறில் அ, நெடில் ஆ வேறுபாடு உயிர்நாடி. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இதில் திணறுவார்கள். கல்லும் காலும் வேறு என்று பால்வாடியிலேயே தெரிந்த நமக்கு இது ஒரு பொருட்டில்லை. ‘ஹங்’ குறில். அதை ‘ஹாங்’ என்று நீட்டினால் நடப்பது என்று பொருள் வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், எழுத்து ஒன்றேதான்: நாற்சந்தியின் படமாகப் பழங்காலத்தில் வரையப்பட்ட எழுத்து. மலையேறப் போவது ‘ஹாங் ஸான்’, கடைத்தெருவில் சுற்றுவது ‘ஹாங் காய்’. அதே எழுத்து வங்கி என்ற சொல்லில் ‘ஹோங்’ ஆகிவிடும் (‘ஙன் ஹோங்’). ஆக ஒரே எழுத்து, குறிலாக இருந்தால் ஒழுகலாறு, நெடிலானால் கால்நடை.

இரண்டாவது சறுக்கல் கடைசி ங். தமிழில் சொல் ங்-ல் முடியாது என்பதால் நம் நாக்கு ஒரு ‘க்’கைத் தானாக ஒட்டிவிடும், ‘ஹங்க்’ என்று. அது கூடாது. ‘அங்ஙனம்’ என்று சொல்லத் தொடங்கி முதல் ங்கிலேயே நிறுத்திப் பாருங்கள். அதுதான் அளவு. (அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நம் ‘ங’ வரிசைக்குக் கான்டனீஸில் முழுநேர வேலை. ‘நான்’ என்பதற்கே அங்கே ‘ஙோ’.)

காதில் பதிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஹாங்காங் பங்குச் சந்தைக் குறியீடு ஒன்று, 1969-ல் தொடங்கியது, நம் பத்திரிகைகளில் ‘ஹாங் செங்’ என்று வரும். ஊர்க்காரர் வாயில் அது ‘ஹங் ஸங்’. அந்த ஹங்கும் நம்முடைய ஹங்கும் ஒலியிலும் தொனியிலும் (குரலின் ஏற்ற இறக்கத்திலும்) அச்சு அசல் ஒன்று, எழுத்துதான் வேறு. ஆகவே ஹாங்காங் செய்தி அறிக்கையின் பங்குச் சந்தைப் பகுதியை ஒரு வாரம் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: ஸௌவும் தொனியும்

ஸௌ எளிது. ஔவையின் ஔதான், வாயை அகலத் திறக்காமல் சுருக்கமாக. ‘ஸாவ்’ என்று நீட்டினால் ஹாங்காங்கின் ஷாவ் கெய் வான் பகுதிப் பெயரின் முதல் அசைக்குப் போய்விடுவீர்கள்.

அப்புறம் தொனி. கான்டனீஸில் ஆறு தொனிகள். 1993-ல் ஹாங்காங் மொழியியல் சங்கம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறையில் அவற்றுக்கு 1 முதல் 6 வரை எண் உண்டு, நானும் அந்த எண்களையே போடுகிறேன். நம் சொல் ஸௌ1 ஹங்4.

ஒன்றாம் தொனி உயரத்தில் ஆடாமல் நிற்பது. பாட்டுத் தெரிந்தவர்கள் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளலாம். நான்காம் தொனி அடித்தொண்டையில் இறங்கி முடிவது, களைத்துப்போய்த் திண்ணையில் உட்காரும்போது வரும் பெருமூச்சு மாதிரி. இரண்டையும் சேர்த்தால் உச்சியிலிருந்து ஒரே இறக்கம்.

தொனி தவறினால் என்ன ஆகும்? ஸௌ2 என்றால் கை. ஸௌ3 ஒல்லி. ஸௌ4 கவலை. ஸௌ6 நீண்ட ஆயுள், இன்னோர் எழுத்தில் தாங்கிக்கொள்வது. ஐந்தாவதை விட்டுவிடலாம். ஸௌ1-லேயே வேறு சொற்களும் இருக்கின்றன, வாங்கிக்கொள்வது, வெட்கம் என்று. அவை சேர்ந்துவரும் சொல்லைக் கொண்டு புரிந்துவிடும். ஹங்கைச் சிலர் அகராதியைப் பார்த்து ஆறாம் தொனியில் சொல்வார்கள், நல்லொழுக்கம் என்ற பொருளில் அந்த எழுத்துக்கு அப்படியும் ஒரு வாசிப்பு உண்டு. பேச்சில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது நான்காம் தொனிதான், அதையே பழகுங்கள்.

மூன்றாம் படி: ஸௌவின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு மனப்பாடம் செய்பவர்கள் ஸௌ ஹங்கை ஏதோ மேகத்தில் மிதக்கும் சொல்லாக நினைத்துவிடுகிறார்கள். அது க்ரீஸ் படிந்த சொல்.

ஸௌ1 லெய்5 என்றால் பழுது பார்ப்பது. வய்4 ஸௌ1 பராமரிப்பு வேலை, லிஃப்ட் ஓடாதபோது அறிவிப்புப் பலகையில் தொங்குவது. ஜோங்1 ஸௌ1 வீட்டை இடித்துப் புதுப்பிக்கும் வேலை, சுவருக்கு அந்தப் பக்கம் துளைபோடும் சத்தம் வந்தால் அதுதான். மேற்படிப்புக்கு ஜொன்3 ஸௌ1. எல்லாவற்றிலும் ஒரே கரு: ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எடுத்து, செதுக்கி, சீராக்கி, முன்பைவிட நன்றாக ஆக்குவது. எழுத்தைப் பார்த்தாலும் இடது பக்கம் ஓர் ஆள் நிற்பார், வலது பக்கக் கீழ்க்கோடியில் அலங்காரத்தைக் குறிக்கும் மூன்று சாய்கோடுகள்.

ஸௌ1 ஸன்1 என்பது இன்னும் சுவாரசியம். எழுத்துக்கு எழுத்து ‘உடலை, அதாவது தன்னைச் சீராக்குதல்’. தன்னைச் சீராக்கு, பிறகு வீட்டை ஒழுங்காக்கு, பிறகு நாட்டை ஆள், பிறகு உலகத்தை அமைதியாக்கு என்ற புகழ்பெற்ற கன்ஃபூசிய வரிசையில் முதல் படி இது. இன்றைக்குத் துணிக்கடையில் இதே சொல் உடம்பைப் பிடித்தாற்போலத் தைத்த சட்டைக்குப் பெயர். அழகு நிலையங்களும் இதை விடவில்லை. கன்ஃபூசியஸ் என்ன சொல்வாரோ தெரியாது.

இதனால்தான் இன்னொரு சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்: ஸீ1 ஃபூ2. துறவியை அழைப்பதும் ஸீ ஃபூதான், குழாய் ரிப்பேர் செய்ய வருபவரை, டாக்சி ஓட்டுநரை, சமையல்காரரை அழைப்பதும் ஸீ ஃபூதான். எழுதும்போது ஃபூவுக்கு வேறு வேறு எழுத்து, காதுக்கு ஒன்று. பழுது பார்க்கிறவரும் ஸீ ஃபூ, தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளக் கற்றுத்தருகிறவரும் ஸீ ஃபூ. பழமொழியும் உண்டு: “ஸீ1 ஃபூ2 லிங்5 ஜொன்3 முன்4, ஸௌ1 ஹங்4 ஜோய்6 கோ3 யன்4.” குரு வாசல்வரை அழைத்துப் போவார், ஸௌ ஹங் அவரவர் பாடு. பயிற்சிக்கு வந்த புதுப் பையனிடம் சமையல்கட்டு ஸீ ஃபூ இதைச் சொல்வதைக் கேட்கலாம், கையில் சட்டுவத்தோடு.

நான்காம் படி: பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

பாய்3 ஸன்4 என்றால் சாமி கும்பிடுவது. ஊதுபத்தி, பழம், வேண்டுதல் எல்லாம் அது. கோயிலுக்குத் தவறாமல் போகும் ஒருவரை ‘ஸௌ ஹங் செய்கிறார்’ என்று சொன்னால் கேட்பவர் சற்று யோசிப்பார். லாட்டரிக்காகக் கும்பிடுவது ஸௌ ஹங் ஆகாது.

டா2 ஜோ6 தியானத்தில் உட்காருவது. ஸிக்6 ஜாய்1 சைவ உணவு உண்பது, பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இதைக் கடைப்பிடிப்பார்கள். இவை ஸௌ ஹங்கின் உறுப்புகளாகலாம், ஆனால் ஸௌ ஹங் இவற்றைவிடப் பெரிது. பய்3 க்வான்1 என்றால் கதவை அடைத்துக்கொண்டு தனித்துப் பயில்வது. இதைத் துறவிகளைவிடத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள்தான் இப்போது அதிகம் சொல்கிறார்கள்.

ஸௌ1 டோவ்6 தாவோ நெறியில் பயில்வது. கத்தோலிக்க மடத்துக்கும் இந்தச் சொல்லையே வைத்துப் பெயர் சொல்கிறார்கள், கன்னியாஸ்திரீ ஸௌ1 நொய்2. ஸௌ1 லின்6-ல் நெருப்பில் புடம்போடும் வாடை அடிக்கும். பல நூறு வருடம் பயின்று மனித உருவெடுக்கும் நரி, பாம்புக் கதைகளில் வருவது இது. வீட்டுப் பூனை கதவைத் தானே திறந்தால், பயின்று பயின்று பேயாகிவிட்டது என்று சிரிப்பார்கள்.

முக்கியமான குழப்பம் ஸௌ1 யோங்5. இது பண்பு, நிதானம். சாப்பாட்டுக் கடையில் ஒருவர் சட்டையில் சூப்பைக் கொட்டிவிட்டார்கள், அவர் கோபப்படவில்லை. அப்போது சொல்ல வேண்டியது “கோய்5 ஹோவ்2 யௌ5 ஸௌ1 யோங்5”, அவர் நல்ல பண்பாளர். இங்கே ஸௌ ஹங் போட்டாலும் தப்பில்லை, ஆனால் பாராட்டின் எடை கூடிவிடும், அவரை ஏதோ சாமியாராக்கியது போல.

ஐந்தாம் படி: யாரைப் பற்றிச் சொல்வது

வினையாக வைத்தால் இலக்கணத்தில் சிக்கல் எதுவும் இல்லை. “கோய்5 ஸௌ1 ஹங்4 ஜோ2 ஸாம்1 ஸப்6 நின்4” என்றால் அவர் முப்பது வருடம் ஸௌ ஹங் செய்திருக்கிறார். ‘ஜோ’ முடிந்ததைக் காட்டும். பின்னால் ‘யன்’ (ஆள்) சேர்த்தால் ஸௌ ஹங் யன், இந்த வழியில் நடப்பவர்.

ஆனால் அதை உங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள். “நான் ஒரு ஸௌ ஹங் யன்” என்று அறிமுகம் செய்துகொள்வது, தமிழில் “நான் ஒரு தவசீலன்” என்று சொல்லிக்கொள்வதுபோல. அடக்கமாகச் சொல்ல வழி இருக்கிறது: “ஙோ5 ஹோக்6 ஃபட்6 கெ3”, நான் புத்தம் படிக்கிறவன். கூடப் பயில்பவர்களை, வயது எதுவானாலும், ஆண்களை ஸீ1 ஹிங்1 என்றும் பெண்களை ஸீ1 ஜெ2 என்றும் அழைத்தால் மரியாதை.

துறவிகள் மட்டும்தான் ஸௌ ஹங் செய்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஸென் மரபின் ஆறாம் குருவான ஹுய்நெங் (638–713) குவாங்டோங் மண்ணில் பிறந்தவர், விறகு விற்றுப் பிழைத்தவர் என்பது மரபு. அவருடைய உரைகளாக வழங்கும் மேடைச் சூத்திரத்தில் இந்தச் சொல்லை வைத்தே ஒரு வரி வருகிறது: ஸௌ ஹங் செய்ய விரும்பினால் வீட்டிலிருந்தும் செய்யலாம், கோயிலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. (அந்த மரபின் முதல் குரு தென்னிந்திய அரசகுமாரர் என்று சொல்லப்படும் போதிதர்மர். கடல்வழியாக வந்த அவர் கரையேறிய இடம் என்று குவாங்சோவில் ஹுவாலின் கோயிலருகே ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். கான்டனீஸில் அவர் ‘டாட் மோ’.)

வீட்டிலிருந்தபடி முடி களையாமல் பயில்வதற்குத் தனிப்பெயரே உண்டு: டாய்3 ஃபாட்3 ஸௌ1 ஹங்4, முடியோடு ஸௌ ஹங். இதைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது குவாங்டோங்கின் ஷுண்டே பகுதிப் பெண்கள். பட்டுத் தொழிலில் சொந்தச் சம்பாத்தியம் கண்ட பெண்கள் பலர், கல்யாணத்தன்று மற்றவர் முடித்துவிட வேண்டிய கொண்டையைத் தாங்களே சீவி முடிந்துகொண்டு, கல்யாணம் வேண்டாம் என்று சபதம் எடுத்தார்கள். ‘தானே சீவிக்கொண்ட பெண்கள்’ என்றே பெயர். 1930-களில் பட்டு விலை சரிந்தபோது ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா என்று வீட்டுவேலைக்குக் கப்பலேறினார்கள். வெள்ளை மேற்சட்டை, கறுப்புக் கால்சட்டை, முதுகில் ஒற்றைப் பின்னல் அல்லது கொண்டை. முதுமையில் பலருக்கு அடைக்கலம் தந்தவை ‘ஜாய் டோங்’ எனப்படும் சைவ மடங்கள். சூத்திரம் ஓதி, சைவம் சாப்பிட்டு, ஒருவருக்கொருவர் ஈமக்கடன் செய்துகொண்டு வாழ்ந்தார்கள். ஸௌ ஹங் என்பதற்கு அகராதி விளக்கத்தைவிட இவர்கள் வாழ்க்கை நல்ல விளக்கம் என்பது என் எண்ணம்.

ஆறாம் படி: அன்றாடப் பேச்சில் நான்கு வாக்கியங்கள்

இவ்வளவு சொன்ன பிறகும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தெருவில் இந்தச் சொல்லைக் கேட்பது பெரும்பாலும் ஆன்மிகப் பேச்சில் இல்லை. அலுப்பிலும் புலம்பலிலும் கேலியிலும்தான்.

“டோங்3 ஸௌ1 ஹங்4 லோ1.” ஸௌ ஹங் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும், ஹாங்காங்கின் எம்டிஆர் ரயிலில் மூச்சுவிட இடமில்லாவிட்டாலும், மாமியார் மூன்று மாதம் தங்க வந்தாலும் இது பொருந்தும். கடைசி ‘லோ’ முக்கியம், தோளைக் குலுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

“ஙோ5 ஸௌ1 ஹங்4 மெய்6 கௌ3.” என் ஸௌ ஹங் இன்னும் பத்தவில்லை. கோபத்தில் கத்திவிட்டீர்கள், அல்லது டயட்டில் இருந்துகொண்டு முட்டை டார்ட் மூன்றைத் தின்றுவிட்டீர்கள். மன்னிப்பும் நகைச்சுவையும் சேர்ந்த வாக்கியம் இது. புதிதாகக் கற்பவர் தைரியமாகச் சொல்லக்கூடியதும் இதுதான், ஏனென்றால் தாழ்வது நீங்கள் மட்டும்.

“கெய்2 ஸங்1 ஸௌ1 டோவ்3.” எத்தனை பிறவி ஸௌ செய்து கிடைத்ததோ. நல்ல மனைவி, நல்ல கணவன், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை அமைந்தால். கல்யாண விருந்தில் பேசச் சொன்னால் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நெடுங்காலம் காதலித்துக் கடைசியில் மணந்தவர்களுக்கு ‘ஸௌ1 ஸிங்4 ஜிங்3 க்வோ2’வும் பொருந்தும். பயின்று பயின்று உரிய கனியை அடைந்தது என்று பொருள், ஞானம் அடைவதைச் சொல்லும் புத்தச் சொல் அது.

கடைசியாக ஆ-ஸம் சொன்னது: “ச்சின்4 ஸய்3 ம்4 ஸௌ1.” முற்பிறவியில் ஸௌ இல்லை. ‘ம்’தான் இங்கே ‘இல்லை’, உதட்டை மூடினால் போதும். (நம் ‘ம்ஹூம்’ பக்கத்திலேயே இருக்கிறது.) இதைத் தன்னைப் பற்றிச் சொன்னால் புலம்பல், அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் சாபத்துக்கு அருகில் போய்விடும். கற்றுக்கொண்டதைக் காட்ட ஆசைப்பட்டு மற்றவர் துயரத்தின்மேல் இதைப் போட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: தமிழில் எந்தச் சொல்லால் பிடிப்பது

‘ஆன்மிகப் பயிற்சி’ என்று மொழிபெயர்க்கலாம், நானும் மேலே அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அதை வைத்துப் புலம்ப முடியாது. “போன பிறவியில் ஆன்மிகப் பயிற்சி செய்யவில்லையே” என்று எந்தத் தாயும் அழமாட்டாள். ‘சாதனை’ கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. சீனத்தில் ஸௌ என்று பெயர்க்கப்பட்ட சமஸ்கிருத ‘பாவனா’ நம்மிடம் ‘பாவனை’யாக வந்து இங்கே நடிப்பு என்றாகிவிட்டது, இலங்கையிலோ பொருள்களின் பயன்பாடு என்றாகிவிட்டது.

நான் கண்ட அளவில் சரியாக உட்காரும் தமிழ்ச் சொல் ‘நோற்றல்’. குறளை எடுத்துப் பாருங்கள்: “மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி இவன்தந்தை என்நோற்றான் கொல்எனும் சொல்.” இப்படி ஒரு மகனைப் பெற அவன் என்ன நோற்றானோ என்பதும் ‘கெய் ஸங் ஸௌ டோவ்’ என்பதும் ஒரே வியப்பு. “இலர்பல ராகிய காரணம் நோற்பார் சிலர்பலர் நோலா தவர்” என்ற குறளில் வரும் நோலாதவர், ‘ம் ஸௌ’வின் நேர்த்தமிழ். ஒன்று மட்டும் குறைகிறது. நோற்றலில் பொறுத்துக்கொள்ளும் குணம் இருக்கிறது, பட்டறை வாடை இல்லை. அதற்குப் பேச்சுத் தமிழில் ‘தன்னைச் சரிபண்ணிக்கிறது’ என்று சேர்த்துச் சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும்.

பழகிப் பார்க்க ஆளில்லை என்றால் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ காலையில் ஒரு கான்டனீஸ் கோப்பிக் கடைக்குப் போங்கள். ஆர்டர் தவறாக வரும், அல்லது வரவே வராது. முகத்தைத் தூக்காமல், ஒன்றாம் தொனியை மேலே நிறுத்தி, நான்காவதைப் பெருமூச்சாக இறக்கி, “டோங் ஸௌ ஹங் லோ” என்று சொல்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் தொனி சரி. “சட்டை ஒல்லியா?” என்கிற மாதிரி முழித்தால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.